அவன் அறைத் தூசி

ஜூன் 14

என் பாப்பாவுக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவளை இன்னும் பாப்பா என்று எழுதுகிறேன் என்று உன் பெண் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

போனை எடுப்பதில்லை என்று கோபப்படாதே. "ஹலோ" என்பதற்குள் இருமல் முந்திக்கொள்கிறது. நீ அந்தப் பக்கம் "அக்கா, அக்கா" என்று கத்துகிறாய். நான் இந்தப் பக்கம் இருமுகிறேன். கடைசியில் ஒன்றுமே பேசாமல் இரண்டு பேரும் வைத்துவிடுகிறோம். அதற்குக் கடிதமே தேவலை.

என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என் இருமலை அப்படியே செய்து காட்டப் பழகிவிட்டார்கள். நான் போர்டு பக்கம் திரும்பியதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு இருமல், அதற்கு முன் பெஞ்சிலிருந்து ஒரு பதில் இருமல். திட்டலாம் என்று வாயைத் திறந்தால் எனக்கே வந்துவிடுகிறது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன், வேறு என்ன செய்ய?

சாயந்திரமானால் உடம்பு லேசாகச் சுடுகிறது. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மீதி ஏற முடிகிறது. தெருமுனை டாக்டரும் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், போன மாதம் ஆசிரியர் பயிற்சி என்று எங்களை வெளியூரில் தங்க வைத்தார்கள் இல்லையா, அங்கே இருமலே இல்லை. பாட்டுப் போட்டியில்கூடப் பாடினேன். வீட்டுக்கு வந்த மறுநாளே பழைய கதை. "என் மூஞ்சியப் பாத்தாத்தான் உனக்கு இருமல் வருது போல" என்கிறார் உன் அத்தான்.

குளியலறைக் குழாய் சுவருக்குள் ஒழுகுகிறதாம். அந்தப் பக்கம் நம் பிள்ளை புலியின் அறை. சுவர் ஈரமாகிவிட்டது. பிளம்பர் வந்து, கட்டிலையும் அலமாரியையும் வெளியே எடுத்தால்தான் வேலை செய்ய முடியும் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். பிள்ளை போய் இரண்டு வருஷமாகிறது. அன்று காலை பைக்கை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போகும்போது எப்படிப் போட்டுவிட்டுப் போனானோ அப்படியே இருக்கிறது எல்லாம். போர்வையைக்கூட மடிக்காமல் போனான். அதற்காக நான் திட்டிக்கொண்டே இருந்தேன். இப்போது அந்தப் போர்வையை யாரும் மடிக்கக் கூடாது.

உன் அத்தானிடமும் இதைத்தான் சொன்னேன். ஏதோ ஆபீஸில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று போன் வந்தது, ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உனக்கு நேரம் கிடைக்கும்போது எழுது.

உன் அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். மறுபடி படித்தபோது சிரிப்பு வரவில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். நெஞ்சு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை, ஒரு மெஷின், அதில் ஒரு குழாய். "நல்லா இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் கொஞ்சம்" என்று நாள் முழுக்கக் கத்துவதுதான் என் பிழைப்பு. நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர்கள் எதைக் கேட்பார்கள் என்று தெரியும். எங்கே போனால் மூச்சு சரியாகிறது, எங்கே வந்தால் முட்டுகிறது என்று கேட்பார்கள். கேட்காமலே நீ அதை எழுதிவிட்டாய். வெளியூரில் இல்லை, வீட்டில் இருக்கிறது.

பள்ளி விட்டு வந்ததும் நீ எங்கே போய் உட்காருகிறாய் என்று அத்தான் சொன்னார். கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, இருட்டும்வரை, அவன் கட்டிலோரம் தரையில். திட்டுவதற்காக எழுதவில்லை அக்கா. அவன் எனக்கும் பிள்ளைதான். கரப்பான் பூச்சியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறி நின்று "சித்தி, சித்தி" என்று அலறியவனுக்குப் புலி என்று பெயர் வைத்ததே நான்தானே.

இங்கே வா. என் மெஷினில் ஒரு தடவை ஊது. ஸ்கேன் எடுக்கலாம். பெரிய டாக்டரிடம் நான் பேசி வைக்கிறேன். முடியாது என்று சொல்லாதே.

உன் பாப்பா


ஜூலை 9

என் பாப்பாவுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். நீ கட்டிக் கொடுத்த போர்வையும் பிஸ்கட்டும் பஸ்ஸில் உதவின. உன் வீட்டில் இருந்தபோது ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் உன்மேல் ஒரு வருத்தம் இருக்கிறது. எழுதாவிட்டால் மனசு ஆறாது.

பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நுரையீரல் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டுமாம், என்னுடையதில் பனி மூடினாற்போல வெள்ளையாக இருந்தது. "வீட்ல ஈரம் இருக்கற ரூம், பூட்டி வெச்ச ரூம் எதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நீ பக்கத்தில் நின்றுகொண்டு, "இருக்கு டாக்டர்" என்றாய். அவ்வளவு பேர் முன்னால், நர்ஸ், பயிற்சி டாக்டர்கள் எல்லாரும் பார்க்க, என் பிள்ளையின் அறையை ஒரு வியாதி மாதிரி எடுத்து வைத்தாய். அந்த அறைக்குள் இனிமேல் போகக் கூடாது என்றார். சாமான்களை அப்புறப்படுத்தச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

முடியாது பாப்பா. உனக்கு ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. அவன் குரல் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. போட்டோவைப் பார்த்துப் பார்த்து முகமும் போட்டோ மாதிரியே ஆகிவிட்டது. அந்தத் தலையணையில் முகத்தை வைத்தால்தான் அவன் நிஜமாக இருந்தான் என்று தெரிகிறது. தலைக்குத் தேய்த்த எண்ணெய், வியர்வை, விளையாடிவிட்டு வந்து அப்படியே விழுவானே அந்த மண், எல்லாம் சேர்ந்த ஒரு வாசம். ஜன்னலைத் திறந்தால் போய்விடும் என்றுதான் திறப்பதில்லை.

மாத்திரை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறேன். கவலைப்படாதே.

உன் அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லார் முன்னாலும் சொன்னது தப்புதான். ஆனால் நீ பொய் சொல்லும்போது எனக்குப் பயமாகிவிட்டது. அந்தப் பொய்யை நம்பி டாக்டர் வேறு மருந்து எழுதியிருந்தால்?

டாக்டர் அவசரத்தில் சொன்னதை நான் நிதானமாக எழுதுகிறேன். எல்லா வீட்டுத் தூசியிலும் பூஞ்சை கொஞ்சம் இருக்கும். பெரும்பாலானவர்களை அது ஒன்றும் செய்யாது. அத்தானுக்கு ஒன்றும் இல்லையே, அதுபோல. ஆனால் சுவரில் ஈரம் ஏறி, காற்றில்லாமல் மூடியே கிடந்தால் அது மெத்தையிலும் தலையணையிலும் துணியிலும் பெருகிவிடும். அதன் வித்து கண்ணுக்குத் தெரியாது. ஒரு தட்டுத் தட்டினால் அறை முழுக்கப் பறக்கும். சில பேருடைய நுரையீரல் மட்டும் அதைப் பகையாளியாக நினைத்துச் சண்டைக்கு நிற்கும். தினமும் சண்டை. புண்படுவது நுரையீரல்தான். இப்போது உனக்கு இருப்பது ஆறக்கூடிய புண். விட்டுவிட்டால் தழும்பாகிவிடும். தழும்பான இடம் மறுபடி மூச்சு விடாது அக்கா. மாத்திரை எவ்வளவு போட்டாலும், அந்த அறைக்குள் போய்க்கொண்டே இருந்தால் பிரயோஜனம் இல்லை.

தூசி என்றால் என்ன என்று நினைக்கிறாய்? மண், நூல், முடி, நம் மேலிருந்து உதிரும் தோல். அந்தத் தோலையும் தின்றுதான் பூஞ்சை வளர்கிறது. நீ சொல்லும் வாசம் அவனுடையது இல்லை. இரண்டு வருஷம் ஒரு வாசம் நிற்காது. அது பூசண வாசம். இப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை, இருந்தும் எழுதுகிறேன்.

நுரையீரலில் தழும்பு விழுந்தவர்கள் என் மெஷினில் ஊதுவதைத் தினமும் பார்க்கிறேன். மெழுகுவத்தி அணைக்கக்கூட அந்தக் காற்று போதாது. அம்மா போனபோது எனக்கு ஆறு வயது, உனக்குப் பதினெட்டு. எனக்குத் தலை பின்னி விட்டது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது, ஸ்கூலில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நீதான். என்னால் இன்னொரு தடவை தாயில்லாமல் இருக்க முடியாது. இங்கேயே வந்துவிடு. லீவு போடு. அத்தானும் வரட்டும், லிஃப்ட் எல்லா ஊரிலும் கெட்டுப் போகிறது.

உன் பாப்பா


ஜூலை 24

என் பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாத்திரையால் முகம் உப்பிவிட்டது. வகுப்பில் ஒரு வாண்டு, "டீச்சர், நீங்க குண்டாயிட்டீங்க, ஆனா அழகா இருக்கீங்க" என்றான். உன் அத்தான் கண்ணுக்குத்தான் நான் எப்படித் தெரிகிறேனோ.

நம் தோல் உதிர்ந்து தூசியாகிறது என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எழுந்து போய் அந்த அறையின் நடுவில் நின்றேன். மேஜைமேல் தூசி, புத்தகத்தின்மேல் தூசி, ஃபேன் இறக்கையில் தூசி. அப்படியென்றால் அவன் இங்கேதான் இருக்கிறான். இத்தனை நாளாக வாசம் மட்டும்தான் மிச்சம் என்று நினைத்திருந்தேன். நீ சொல்லித்தான் தெரிந்தது, அவன் உடம்பே கொஞ்சம் இருக்கிறது என்று. மின் மயானத்தில் சாம்பலை ஒரு சின்னப் பானையில் போட்டுக் கொடுத்தார்கள், அதையும் தண்ணீரில் விட்டுவிட்டோம். இதை நான் விட மாட்டேன்.

தூசி வெளியே போய்விடக் கூடாது என்று கதவடியில் ஈரத்துணி போட்டு வைத்திருக்கிறேன்.

நீ நல்லதுக்குத்தான் சொல்கிறாய். எனக்குத் தெரியும். ஆனால் இனிமேல் இந்த விஷயத்தை எழுதாதே. உன் பெண் பரீட்சை எப்படி எழுதினாள், உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அதையெல்லாம் எழுது. ஆசையாகப் படிப்பேன்.

உன் அக்கா


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இதை ஆஸ்பத்திரி நர்ஸிடம் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்புகிறேன். நாளைக்கு உன்னை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் தரச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குள் காலை வைக்கும் முன் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது நீ சரிந்து விழுந்தது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. உன் உதடு நீலமாக இருந்ததாம். பிள்ளைகள் அழுதுகொண்டே ஹெட்மாஸ்டரைக் கூப்பிட ஓடியிருக்கிறார்கள். நான் வந்து சேர்ந்தபோது ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள் நீ என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாய். டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டு, இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் தேறிவிடுவாள், மறுபடி அந்த வீட்டுக்குப் போனால் இன்னொரு தடவை தேற மாட்டாள் என்றார்.

அத்தான் என்னை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். அங்கே வைத்துச் சொன்னார்: "நான் அந்த ரூம்ல கை வெச்சா அவ என்ன மன்னிக்கவே மாட்டா. உன்ன மன்னிப்பா. நீ செய்யி பாப்பா." அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அதனால் நான் செய்தேன் அக்கா. அத்தான் கதவைத் திறந்து கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். எல்லாவற்றையும் செய்தது என் கைகள்தான். அலமாரியை நகர்த்தினேன், பின்னாலிருந்த சுவர் தரையிலிருந்து என் தோள் உயரத்துக்குக் கறுப்பாக இருந்தது. புத்தகங்களில் வெள்ளை ரோமம் முளைத்திருந்தது. கதவில் மாட்டியிருந்த கோடுபோட்ட சட்டையின் காலரில் பச்சைப் புள்ளிகள். போர்வையை மடித்துப் பையில் போட்டேன். தூசி பறக்காதிருக்க மெத்தையை நனைத்துப் பிளாஸ்டிக்கில் சுற்றி, குப்பை வண்டி வந்ததும் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு ஏற்றினேன். தரை, ஃபேன், ஜன்னல் எல்லாம் ஈரத்துணியால் துடைத்தேன். குழாயைச் சரி செய்தாகிவிட்டது. சுவரைச் சுரண்டிப் புது வெள்ளை அடித்தாகிவிட்டது. அவன் கடிகாரம், விளையாட்டில் வாங்கிய கப்புகள், கண்ணாடி, கழுவக் கூடியது எல்லாவற்றையும் கழுவி ஹாலில் வைத்திருக்கிறேன். நல்ல சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு மடித்திருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உனக்குப் பொய் சொன்னதாகிவிடும். முகமூடி போடுவதற்கு முன்னால், யாரும் இல்லாதபோது, அந்தத் தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். முதலில் பூசணம்தான். ஈரச் சாக்கு வாசம். நான் சொன்னதுதான் சரி என்று கீழே வைக்கப் போனேன். அப்போது, அதற்கு அடியில், அவன் இருந்தான். எண்ணெய், வியர்வை, நீ எழுதியிருந்தாயே அந்த மண். புலி வந்து என் தோளில் தலையை முட்டினாற்போல இருந்தது. நீ சொன்னதுதான் நிஜம் அக்கா. நான் எழுதியது தப்பு.

இருந்தும் அதைப் பையில் போட்டுக் கட்டினேன்.

எனக்கு நீ வேண்டும். என்னைத் திட்டு, அடி. மூச்சு வாங்காமல் திட்டு. அது போதும் எனக்கு.

உன் பாப்பா


அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அத்தான் எடுக்கிறார், "நல்லா இருக்கா, தூங்கறா" என்கிறார். பட்டப்பகலில் தூங்குகிறவளா நீ?

என் பெண் வகுப்பில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நீ கேட்டதையெல்லாம் எழுதிவிட்டேன். ஒரு வரி எழுது. "வராதே" என்று எழுதினாலும் சரி, உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

உன் பாப்பா


டிசம்பர் 2

பாப்பாவுக்கு,

உன் கடிதங்கள் கிடைத்தன. பதில் போடாமல் இருந்தது தண்டிப்பதற்காக இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

போன வாரம் படம் எடுத்தார்கள். பனி விலகிவிட்டது என்றார் டாக்டர். ஓர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தழும்பு நிற்கும், அதனால் பெரிய பாதகம் இல்லையாம். மாத்திரையைக் குறைத்துவிட்டார். மாடிப்படியில் நிற்காமல் ஏறுகிறேன். வகுப்பில் என் குரல் பக்கத்து வகுப்புக்குக் கேட்கிறது என்று புகார் வருகிறது. இருமிக் காட்டின வாண்டுகளுக்கு இப்போது வேறு வேலை தேட வேண்டியிருக்கிறது. நீ என்னைக் காப்பாற்றினாய் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கேட்கிறவர்களிடம் நானும் அப்படியே சொல்கிறேன். அது உண்மை.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அந்த அறைக்குப் போனேன். ஜன்னல் திறந்திருந்தது, சுண்ணாம்பு வாசம் வந்தது. நடுவில் நின்று மூச்சை இழுத்தேன். நன்றாக உள்ளே போனது. அதில் யாரும் இல்லை. உன் அத்தான் பின்னால் வந்து நின்று சத்தம் போட்டு அழுதார். இரண்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவரைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டி வந்தது நான்தான். அவரை ஒன்றும் சொல்லவில்லை. சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன். வாசமில்லாத சட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும்.

உன்னை நான் எதற்கெல்லாம் மன்னிக்க முடியும் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். மெத்தையைத் தூக்கிப் போட்டதற்கு மன்னித்தேன். போர்வையை மடித்ததற்கும் மன்னித்தேன். எனக்குத் தெரியாமல் செய்ததற்குக்கூட மன்னித்துவிட்டேன், தெரிந்தால் விட்டிருக்க மாட்டேன் அல்லவா.

தலையணையில் அவன் இருந்தான் என்று எழுதியிருக்கிறாய். முகர்ந்து பார்த்தேன், ஒன்றுமே இல்லை அக்கா, வெறும் பூசணம்தான் என்று நீ எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நீ படித்தவள், மெஷின் பக்கத்தில் நிற்பவள், உனக்குத் தெரியும் என்று சமாதானமாகியிருப்பேன். என்னிடம் பொய் சொல்லக் கூடாது என்று உன்னை வளர்த்ததும் நானேதான்.

பெற்றவள் ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு கிடந்தேன். அவனைக் கடைசியாக முகர்ந்தது நீ. அது இனிமேல் உன்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடு என்று கேட்க முடியாது, கொடுக்க உனக்கும் வழியில்லை.

பள்ளி விடுமுறைக்கு வரட்டுமா என்று அத்தானிடம் கேட்டாயாம். வராதே. நீ வந்து வாசலில் நின்றால் நான் வேறு எதையும் கேட்க மாட்டேன். எப்படி இருந்தது சொல்லு, இன்னும் சொல்லு, எண்ணெய் வாசம் வந்ததா, மண் வாசம் வந்ததா என்று அதையே கேட்டுக்கொண்டிருப்பேன். நீயும் சொல்வாய். நீ சொல்லச் சொல்ல எனக்கு உன்மேல் வெறுப்பு வந்துவிடும். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையை வெறுத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. ஒரு பிள்ளை போனது போதும்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, குளிர்ந்த தரையில் உட்காராதே. உன் பெண்ணிடம் பெரியம்மா முத்தம் கொடுத்ததாகச் சொல்.

இனிமேல் எழுதாதே. நானும் எழுதப் போவதில்லை.

அக்கா